லோகோ வாசலில் தொங்குது, காசு மட்டும் வரல: என்ன செய்யலாம்?

தலவாக்கலை டிசைன் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம், வீட்டிலிருந்தே டிசைன் வேலையும் சின்னச் சின்ன வீடியோ எடிட்டிங்கும் செய்கிறேன். நுவரெலியாவில் புதிதாக கெஸ்ட் ஹவுஸ் திறந்த ஒருவர் எங்கள் மாமாவுக்குத் தெரிந்தவர், அப்படித்தான் வேலை வந்தது. லோகோ, மெனு கார்ட், வாசல் போர்டு, பேஸ்புக் பேஜுக்குக் கொஞ்சம் போஸ்ட், கூடவே ஒரு நிமிட வீடியோ. எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் என்று போனில் பேசினோம். அப்புறம் அவரே வட்ஸ்அப்பில் "சரி தம்பி, நாப்பத்தஞ்சு, ஆனா ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி கையில வேணும்" என்று வொய்ஸ் மெசேஜும் போட்டார். அட்வான்ஸ் பேச்சை எடுத்தேன், "நம்ம ஆளுங்கதானே, முதல்ல வேலையைப் பாருங்க" என்றார்.

வேலை முடிந்தது, சீசனும் வந்து போய்விட்டது. காசு கேட்டால் முதலில் சீசன் முடியட்டும் என்றார், பிறகு பார்ட்னர் கொழும்பில் இருக்கிறார் என்றார், இப்போது கடைசியாக "அந்த டிசைன் எங்களுக்கு அவ்வளவு புடிக்கல, வேற ஆள வச்சுச் செய்யப் போறோம்" என்கிறார். பிடிக்காத லோகோ வாசல் போர்டில் இருக்கிறது, மெனு கார்டில் இருக்கிறது, பேஸ்புக் பேஜிலும் அதுதான் முகப்புப் படம்.

மாமா "விடுடா, ஆள் பழக்கம் கெட்டுப்போகும்" என்கிறார். கூட்டாளி ஒருத்தன் பேஸ்புக்கில் எழுதி நாறடி என்கிறான், இன்னொருத்தன் போலிஸில் என்ட்ரி போடச் சொல்கிறான். எது சரி?

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 60 பக்கத்தில் விழா மலர் போடுகிறார்கள், அதை நான் சும்மா செய்து தர வேண்டுமாம், "நம்ம அம்மனுக்குத்தானே தம்பி" என்று தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். காசு கேட்டால் படித்த திமிர் என்பார்கள். நீங்களெல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பண்டாரவளை கேமரா

தம்பி, அட்வான்ஸ் இல்லாமல் கொம்பியூட்டரைத் திறக்கவே கூடாது. கல்யாண போட்டோக்காரர்கள் எங்களைப் பாருங்கள், எங்களுக்கு மட்டும் சொந்தக்காரர்கள் இல்லையா, தெரிந்தவர்கள் இல்லையா? ஆனாலும் அட்வான்ஸ் வராமல் திகதியைக் குறிக்க மாட்டோம், மண்டபத்தன்று ஒரு பங்கு வாங்குவோம், மிச்சம் வந்த பிறகுதான் அல்பம் அச்சுக்குப் போகும். இதை எங்கள் பக்கம் யாரும் தப்பாக எடுப்பதில்லை, எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று சனத்துக்குப் பழகிவிட்டது. டிசைன் வேலைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கேமரா, லைட், அசிஸ்டன்ட் என்று கண்ணுக்குத் தெரிகிற செலவு உங்களிடம் இல்லை, லெப்டொப்பைத் தட்டுவதற்கு என்ன காசு என்று நினைக்கிறார்கள்.

வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். ஒரே பக்கம் போதும்: என்ன வேலை, எத்தனை திருத்தம், எவ்வளவு, பாதி முன்னால், மீதி ஒரிஜினல் பைல் கொடுக்கும் முன். அவர் "நம்ம ஆளுங்கதானே" என்றால் "ஆமா அண்ணே, எல்லாருக்கும் இந்தத் தாள்தான் அனுப்புறேன்" என்று சொல்லிவிடலாம், முகத்துக்கு நேரே பேரம் பேச வேண்டிய தொல்லை இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், காசு முழுதும் வரும்வரை அவர் கைக்குப் போவது சின்ன சைஸ் ஜேபெக் மட்டும், அதுவும் குறுக்கே உங்கள் பெயரோடு. போர்டு அடிக்கிற அளவு பைல் எப்படி அவரிடம் போனது?

இன்னொன்று. பேங்க் ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "போட்டாச்சு" என்பார்கள். ஸ்லிப்பை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கில் காசு ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு பைலை அனுப்புங்கள். ஸ்லிப்பில் திகதியை மாற்றுவது உங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அஞ்சு நிமிட வேலை.

தலவாக்கலை டிசைன் தம்பி

போர்டு அடிக்கிறவர் அவசரப்படுகிறார், இன்றைக்கே வேணும் என்று இரவில் கோல் எடுத்து வாங்கினார் அண்ணே. சீசன் நெருங்கிய நேரம், மறுக்க முடியவில்லை.

கண்டி லோயர் ஒபிஸ்

நான் சட்டத்தரணி இல்லை, கண்டியில் ஒரு லோயர் ஒபிஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த மாதிரி ஆட்கள் எங்களிடமும் வருவார்கள், பெரும்பாலும் பிந்தி வருவார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போலிஸில் என்ட்ரி போடலாம், தடுக்க யாரும் இல்லை. ஆனால் இது சிவில் விஷயம், போலிஸ் காசை வாங்கித் தராது. தொழில் திணைக்களத்துக்குப் போகச் சொல்பவர்களும் உண்டு. அது தொழில் கொள்வோரிடம் வேலை செய்கிற ஊழியர்களுக்கு. நீங்கள் அவருடைய ஊழியர் இல்லை, வேலையை ஒப்புக்கொண்டு செய்து கொடுத்தவர். எனவே அந்த வழியும் சரிவராது.

உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தகவலையோ ஒப்பந்தத்தையோ செல்லாது என்று தள்ள முடியாது. 45,000 என்று அவர் குரலிலேயே இருக்கிறது, சீசனுக்கு முன் வேண்டும் என்று காலக்கெடுவும் அவர் வாயாலேயே வந்திருக்கிறது. இன்றைக்கே அந்த வட்ஸ்அப் உரையாடலை மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்து ஈமெயிலில் போட்டு வையுங்கள். மறைந்துபோகும் மெசேஜ் செட்டிங்கை யாராவது போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போர்டைத் திகதியோடு போட்டோ எடுங்கள், பேஸ்புக் பேஜை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், அவர் மாற்றிவிடும் முன். "புடிக்கல" என்ற வாதம் அந்தப் போட்டோக்களுக்கு முன்னால் நிற்காது.

இனி முக்கியமான விஷயம், காலக்கெடு. வழக்குப் போடும் கால எல்லை பற்றி 1871ஆம் ஆண்டிலிருந்து ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதில் எழுத்து மூல உடன்படிக்கைக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம், ஆனால் செய்த வேலைக்கான கூலி, கடை பில் போன்றவற்றுக்கு ஒரே ஒரு வருடம். உங்களுடையது எதில் விழும் என்று லோயர்கள் வாதாடுவார்கள், எதிர்த்தரப்பு லோயர் முதலில் தூக்குவது அந்த ஒரு வருடத்தைத்தான். அதனால் உங்கள் கணக்கு ஒரு வருடம் என்றே இருக்கட்டும். "அடுத்த சீசன்ல பார்ப்போம்" என்று அவர் இழுக்கிற இழுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போது விளங்குகிறதா? இங்கே ஒரு சின்ன வழி உண்டு, கடன் இருக்கிறது என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் புதிதாக எண்ணப்படும். எனவே போனில் பேசாதீர்கள், "அண்ணே, அந்த 45,000 எப்போ தருவீங்க" என்று எழுதிக் கேளுங்கள், "அடுத்த மாசம் தர்றேன்" என்று அவர் எழுதினாலே உங்களுக்கு லாபம்.

அடுத்தது பதிவுத் தபாலில் ஒரு கடிதம். சூடான வார்த்தை எதுவும் வேண்டாம். இன்ன வேலை, இன்ன திகதியில் ஒப்படைத்தேன், இன்ன தொகை, 14 நாளில் தராவிட்டால் இணக்க சபைக்குப் போவேன் என்று எழுதிக் கீழே வங்கிக் கணக்கு இலக்கத்தைப் போடுங்கள். பிரதியும் தபால் ரிசீட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

இணக்க சபை, அதாவது மத்தியஸ்த சபை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. இந்த மாதிரிச் சின்னத் தொகைப் பிணக்குகளை முதலில் அங்கே கொண்டுபோகாமல் நீதிமன்றம் ஏற்காது. லோயர் வர முடியாது, நீங்களும் அவரும் நேரே உட்கார்ந்து பேச வேண்டும். வார இறுதியில் பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு பேரையும் பேச வைப்பார்கள். இணங்கினால் அதை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அது இருந்தால்தான் வழக்கு. அதற்கெல்லாம் வரமாட்டார் என்று சொல்வீர்கள். ஊரில் கடை நடத்துகிற ஆள், இணக்க சபைக் கடிதம் வந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே போன் வரும்.

பேஸ்புக்கில் எழுதுவதற்கு நான் ஆதரவில்லை. உண்மையை எழுதினாலும் மானநஷ்டம் என்று அவர் பக்கம் ஒரு கதை தொடங்கிவிடும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது ஒன்லைன் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது, பொய்யான கூற்றுகள் பற்றியதுதான் என்றாலும் அதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். காசு கேட்டுப் போனவர் பதில் சொல்கிறவராக மாறிவிடக் கூடாது.

கடைசியாக, அந்த லோகோ இன்னும் உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர்தான் முதல் உரிமையாளர், எங்கேயும் பதிய வேண்டியதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஊழியர் என்றால்தான் முதலாளிக்குப் போகும். உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும், நீங்கள் அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. "நீங்கதானே அனுப்பினீங்க, அப்போ பாவிக்கலாம்னுதானே அர்த்தம்" என்று அவர் வாதாடலாம், அது வேறு. ஆனால் கடிதத்தில் "முழுத் தொகையும் கிடைக்கும்வரை இந்த டிசைன்களின் உரிமை என்னிடமே உள்ளது" என்று ஒரு வரி சேர்த்தால் அதன் கனமே வேறு.

ஹட்டன் அச்சகம்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மற்றப் பக்கமும் சொல்கிறேன். 20 வருடத்துக்கு மேல் பிரிண்டிங் நடத்துகிறேன், டிசைனருக்குக் காசு கொடுக்கிறவனும் நான், கஸ்டமரிடம் வாங்க முடியாமல் நிற்கிறவனும் நான்.

அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் போனை ஓஃப் பண்ணுகிற பையன்களும் இருக்கிறார்கள். திருவிழா நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும், டிசைனர் பாட்டியின் காரியத்துக்குப் போயிருப்பார், அவருக்கு எத்தனை பாட்டி என்று எனக்குத் தெரியாது. கென்வா என்ற டிசைன் தளத்தில் இருக்கிற டெம்ப்ளேட்டை எடுத்துப் பெயரை மாத்திவிட்டு லோகோ என்று 15,000 கேட்பார்கள். அந்த டெம்ப்ளேட் படத்தை வியாபாரக் குறியாகப் பதிய கென்வாவின் விதியே விடாது, அதே படம் பதுளையில் ஒரு பேக்கரிக்கும் இருக்கும். கஸ்டமர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. புலமைச் சொத்து உரிமை பேசுகிறவர்கள் முதலில் சொந்தமாக வரைந்திருக்க வேண்டும். தம்பி, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

"புடிக்கல" என்று ஏன் வருகிறது என்றும் பாருங்கள். எத்தனை திருத்தம் என்று பேசாததால் வருகிறது. நான் இப்போது பில் புக்கிலேயே அடித்து வைத்திருக்கிறேன், மூன்று திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு, புரூப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்லை. கையெழுத்துப் போட்டவர் பிறகு பிடிக்கவில்லை என்று சொல்வதே இல்லை. வட்ஸ்அப் என்றால் "இதையே ஃபைனல் பண்ணுறேன், ஓகேதானே" என்று கேட்டு அந்த ஓகே வந்த பிறகு ஒரிஜினலை அனுப்புங்கள்.

செக் கொடுத்தால் வாங்கலாமா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். வாங்குங்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம், வாய் வாக்குறுதியை விட அந்தத் துண்டுத் தாளுக்குப் பயம் அதிகம்.

பண்டாரவளை கேமரா

அச்சகம் அண்ணே, பாட்டி கதை எங்கள் பக்கமும் உண்டு, சிரித்துவிட்டேன். ஆனால் ஒருத்தன் போனை ஓஃப் பண்ணினான் என்பதற்காக வேலையை முடித்துக் கொடுத்தவனுக்குக் காசு கொடுக்காமல் இருப்பதா? தோட்டத்தில் பறித்த கொழுந்து நிறை குறைந்தது என்று அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போட்டால் எங்கள் அம்மாமார் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்திலேயே நின்று கேட்பார்கள், இந்தத் தம்பிக்கு நிறை சரியாக இருந்தும் பேரே போடவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்று கத்தினோம், 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாகத்தானே அதுவும் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் காசு கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

பதுளை மொழிபெயர்ப்பு

சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன், சில நேரம் வீடியோவுக்குக் குரலும் கொடுப்பேன். கெஸ்ட் ஹவுஸ் விஷயத்தை லோயர் ஒபிஸ்காரர் நன்றாகச் சொல்லிவிட்டார், நான் கோயில் மலர் பற்றிச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பக்கம்தான் அனுபவம் அதிகம்.

"சமூகத்துக்காக" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த வேலையில் வேறு யாருக்கெல்லாம் காசு போகிறது என்பதுதான். விழா மலர் என்றால் அச்சகத்துக்குக் காசு, தாளுக்குக் காசு. அதே திருவிழாவில் சவுண்ட் செட்டுக்கும் பந்தலுக்கும் பூவுக்கும் காசு. மலருக்குள் டவுன் கடைகளிடம் முழுப் பக்கம், அரைப் பக்கம் என்று விளம்பரம் வாங்கியிருப்பார்கள், அதுவும் காசு. 60 பக்கத்தையும் தட்டச்சுப் பார்த்து, படம் வெட்டி, பக்கம் கட்டி, தலைவருடைய வாழ்த்துச் செய்தியை மூன்று தரம் மாற்றி ராத்திரியில் கண் விழிக்கிறவருக்கு மட்டும் அம்மன் அருள் போதுமா? விளம்பரக் காசில் ஒரு பங்கு டிசைனுக்கு என்று சபையில் கேளுங்கள், அதைத் திமிர் என்று சொல்வது அவ்வளவு லேசில்லை, ஏனென்றால் அவர்கள் கணக்கில் அந்தக் காசு இருக்கிறது.

இல்லை, அம்மனுக்கு நானே செய்ய ஆசைப்படுகிறேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், நானும் சில வேலைகளைச் சும்மா செய்திருக்கிறேன், 2023இல் மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் ஆனதை நினைத்து நடந்த மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் போன நேரத்தில் அதுபற்றிச் சில பக்கங்களை ஆசையோடு மொழிபெயர்த்துக் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அதுவும் பில்லோடு போகட்டும். 60 பக்க வடிவமைப்பு இவ்வளவு, அன்பளிப்பு இவ்வளவு, கொடுக்க வேண்டியது பூச்சியம் என்று எழுதிச் சபைக்குக் கொடுங்கள், நன்கொடையாளர் பட்டியலில் அந்தத் தொகைக்கு உங்கள் பெயர் வரட்டும். அடுத்த வருடம் கேட்க வரும்போது சும்மா என்று யாரும் வரமாட்டார்கள், குறைந்தது விலையாவது தெரிந்திருக்கும். எத்தனை திருத்தம், எந்தத் திகதிக்குள் கட்டுரை எல்லாம் வர வேண்டும் என்பதையும் அதிலேயே போடுங்கள். சும்மா செய்கிற வேலைக்குத்தான் திருத்தம் அதிகமாக வரும்.

கொழும்பு நிறுவனங்களோடு வேலை செய்கிறவர்கள் வேறு விதமாக மாட்டுவார்கள். அங்கே யாரும் தரமாட்டேன் என்று சொல்வதில்லை. வவுச்சர் போயிருக்கிறது, கையெழுத்துப் போடுகிறவர் லீவு, புரொஜெக்ட் கணக்கு மூடியாச்சு என்று சொல்வார்கள். அதனால் வேலை ஓடர் ஈமெயிலில் வராமல் நான் தொடங்குவதில்லை. முடித்த அன்றே இன்வொய்ஸ், அதில் எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற வரி, பிறகு உங்களுக்கு வேலை தந்த அந்த நல்ல பிள்ளையிடம் கேட்காமல் கணக்குப் பிரிவின் ஈமெயிலைக் கேட்டு வாங்கி அங்கேயே எழுதுங்கள். வேலை தந்தவருக்கும் உங்கள் காசுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இருக்காது.

ஹட்டன் அச்சகம்

விழா மலருக்கு டிசைன் காசை நான் என் கொட்டேஷனில் தனி வரியாகவே போடுகிறேன் அக்கா, சபைகள் கொடுக்கத்தான் செய்கிறார்கள். தம்பி, மலர் அச்சடிப்பது யார் என்று பாருங்கள், அந்தப் பிரஸ் வழியாக உங்கள் காசைக் கேட்டால் தலைவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மஸ்கெலியா ஃப்ரீலான்ஸ்

இவ்வளவு கரைச்சல் எதுக்கு? லோக்கல் வேலையை விட்டுவிட்டு ஃபைவர், அப்வேர்க் மாதிரி ஒன்லைன் வேலைத் தளங்களுக்குப் போங்க. ஃபைவரில் வாங்குகிறவர் ஓடர் போடும்போதே காசு கட்டிவிடுவார், 20 வீதம் அவர்கள் எடுப்பார்கள், மிச்சம் பேயோனியர் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக நம்ம பேங்குக்கு வரும். மாமாவும் இல்லை, தலைவரும் இல்லை.

பதுளை மொழிபெயர்ப்பு

எல்லோரும் போகலாம் என்றால் போயிருப்போம் தம்பி. தமிழ் மெனு கார்டை அங்கே யார் கேட்கிறார்கள்? அங்கேயும் தளத்துக்கு வெளியே வா, கமிஷன் மிச்சம் என்று கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே போய்விட்டால் அந்தக் காசுக்குத் தளம் பொறுப்பில்லை, கணக்கையும் மூடிவிடுவார்கள். ஒன்லைன் வேலை நல்லதுதான், நானும் செய்கிறேன், ஆனால் நுவரெலியாவில் வேலை செய்தவருக்கு நுவரெலியாவில் காசு கிடைக்கத்தான் வேண்டும்.

தலவாக்கலை டிசைன் தம்பி

எல்லோருக்கும் பெரிய நன்றி. கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன், உரிமை பற்றிய அந்த வரியும் சேர்த்து. கடிதம் கிடைத்ததும் மாமாவுக்குத்தான் கோல் போயிருக்கிறது, "என்ன மச்சான், உங்க பையன் சட்டம் பேசுறான்" என்று. மாமா என்னை ஏசினார், ஆனால் அன்று பின்னேரமே கெஸ்ட் ஹவுஸ்காரர் எனக்கு மெசேஜ் போட்டார்: "20,000 போட்டு விடுறேன், இதோட முடிச்சுக்குவோம், ஓகேனு எழுதி அனுப்புங்க." வாங்கவா, விடவா? வீட்டில் வாங்கச் சொல்கிறார்கள்.

கண்டி லோயர் ஒபிஸ்

அந்த ஓகேயை எழுதிவிடாதீர்கள். "முடிச்சுக்குவோம்" என்பதற்கு ஓகே என்றால் மிச்சம் 25,000 போய்விடும். இப்படி எழுதுங்கள்: "அண்ணே, 20,000 கிடைத்ததும் 45,000இல் ஒரு பகுதியாக வரவு வைக்கிறேன், மீதி 25,000ஐ எப்போது தருவீர்கள் என்று சொல்லுங்கள்." அவர் அதன் பிறகும் 20,000 போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், ரிசீட்டிலும் பகுதிக் கொடுப்பனவு என்றே எழுதுங்கள். கடன் இருக்கிறது என்று அவரே காட்டிய மாதிரி ஆகிவிடும்.

மீதியை இரண்டு தவணையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளலாம், திகதி மட்டும் எழுத்தில் வர வேண்டும். வேறு வழியில்லை, 35,000க்கு இறங்கி முடித்துவிடலாம் என்று உங்களுக்கே தோன்றினால் அது உங்கள் முடிவு, அதில் வெட்கமில்லை. அப்படி இறங்கினால் வீடியோவின் ஒரிஜினல் பைல்களைக் கொடுக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை டிசைன் தம்பி

அப்படியே அனுப்பினேன். இரண்டு நீல டிக்கும் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. 14 நாள் முடிந்தால் இணக்க சபை விண்ணப்பத்தைத் தலவாக்கலையில் கொடுப்பதா, நுவரெலியாவிலா?

கண்டி லோயர் ஒபிஸ்

அவரும் கெஸ்ட் ஹவுஸும் இருப்பது நுவரெலியாவில், அங்கே கொடுங்கள். பிரதேச செயலகத்தில் கேட்டால் சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள். போகும்போது போர்டு போட்டோவைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு போங்கள், அங்கே போனை நீட்டிக் காட்டுவதை விடத் தாளை மேசையில் வைப்பது நல்லது.

ஹட்டன் அச்சகம்

பிரிண்ட் என்னிடம் எடுங்கள் தம்பி. காசு முன்னால்.